பலகையின் அடிப்பக்கம்

பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டிலேயே வீடியோ கேம் ஆட, தடியும் பட்டனும் பூட்டின பலகை ஒன்று செய்ய நினைத்து, போன ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானிடம் இரண்டு ஜொய்ஸ்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சொக்லேட்டுக்கும் சென்ட் போத்தல்களுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் வந்து சேர்ந்தன. சன்வா என்ற ஜப்பான் கம்பனியின் ஜேஎல்எஃப் வகை. ஒன்றுக்குப் பச்சைத் தலை, மற்றதுக்கு மஞ்சள். தலை என்பது 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை, நடுத்தரத் தேசிக்காய் அளவு. பையைப் பிரித்து இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஆட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் நாலு ‘டிக்’. மோட்டர் சுத்துகிற கடையில் இருபது வருசமாக எத்தனையோ சுவிச்சுகளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான சத்தம் ஒன்றிலும் கேட்டதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. 1994இல், எனக்கு 11 வயதில், அப்பா ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஒரு பகல் முழுக்க பஸ். கொழும்பில் ஒரு கடையின் உள்மூலையில் ஆள் உயரப் பெட்டி ஒன்று நின்றது. அதற்குள் 1991இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை விளையாட்டு. ஒரு தடி, ஆறு பட்டன். அப்பா மூன்று டோக்கன் வாங்கித் தந்தார், மூன்றும் ஐந்து நிமிசத்தில் முடிந்தன. பிறகு அப்பா வந்து கூப்பிடும்வரை பெரிய பெடியள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையைப் பார்க்கவில்லை, அவர்களுடைய இடக்கையைத்தான் பார்த்தேன். திருகோணமலையில் பின்னாளில் என்.சி. வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ரீவியில் கேம் ஆட விடும் கடை ஒன்று வந்தது. பெருவிரல் தோல் உரியும்வரை அங்கே ஆடியிருக்கிறேன். ஆனாலும் தோளிலிருந்து விரல் நுனிவரை முழுக் கையும் ஒரு தடியோடு சேர்ந்து அசைகிற அந்த உணர்வு அங்கே கிடைக்கவில்லை. அதை என் பிள்ளைகள் இரண்டு பேரின் கையிலும் கொடுக்க வேண்டும் என்ற ஆசைதான் இந்த வேலை முழுவதுக்கும் காரணம்.

வயர் வேலைக்கு எனக்குப் பயமில்லை. மரவேலைதான் தெரியாது. தெரியாமலேயே தொடங்கினேன்.

அம்மம்மாவின் பழைய கட்டிலில் இருந்த பலாப் பலகை ஒன்றை எடுத்தேன். தடிப்பு 18 மில்லிமீற்றர், தேன் நிறம், வடிவான ரேகை. அதில் ஓட்டை போட்டு, ஜொய்ஸ்டிக்கின் இரும்புத் தகட்டைக் கீழ்ப்பக்கம் வைத்து ஸ்குரூவால் பூட்டினேன். நிமிர்த்திப் பார்த்தால் தடி குள்ளமாக நின்றது. உருண்டைக்கும் பலகைக்கும் இடையில் என் சுண்டுவிரல்கூட வசதியாக நுழையவில்லை. அது மட்டுமில்லை, மூலைத் திசைகளுக்குச் சாய்த்தால் ‘டிக்’ கேட்குமுன்பே தண்டு ஓட்டையின் விளிம்பில் முட்டியது.

இரவு முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. இந்த வகை ஜொய்ஸ்டிக் இரும்புத் தகட்டில் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டது. ஜப்பானிய மெஷின்களில் மேல்தகட்டின் தடிப்பு ஒரு சில மில்லிமீற்றர்தான். தண்டு சாய்கிற மூட்டு அதற்குக் கீழே இருக்கிறது, மூட்டிலிருந்து மேலே போகப் போகத் தண்டின் அசைவு அகன்றுகொண்டே போகும். அதனால் பலகையின் அடியில் போதுமாக இருக்கும் ஓட்டை, 18 மில்லிமீற்றர் மேலே வந்ததும் போதாமல் போகிறது. அமெரிக்க மெஷின்களில் மரப் பலகை வழக்கம். அதற்கென்றே ஹாப் என்ற அமெரிக்கக் கம்பனியின் வகை ஜொய்ஸ்டிக்குகளுக்குத் தண்டை நீளமாக வைத்திருக்கிறார்கள், அவற்றை மரத்துக்குக் கீழே அப்படியே பூட்டலாம். என்னிடம் இருப்பதோ ஜப்பான் தண்டு. அதை நீட்ட முடியாது. மரத்தைத்தான் அடியிலிருந்து மெல்லிசாக்க வேண்டும்.

உளியை எடுத்துக் குடைந்தேன். மேலே 6 மில்லிமீற்றர் மட்டும் மிஞ்சும்படி ஒரு பள்ளம். தடி எழும்பி நின்றது, உருண்டைக்குக் கீழே ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் இடைவெளி. மேற்பக்கத்தைக் கண்ணாடிபோல வார்னிஷ் பூசி, பட்டன் எல்லாம் பூட்டி முடிக்க ஐப்பசி வந்துவிட்டது. மழையும் வந்தது. அந்தக் கிழமையே பலகையின் இரண்டு விளிம்பும் மெல்ல மேலெழும்பி, நடு குழிந்து, தாம்பாளம் மாதிரி வளைந்துகொண்டது. நாலைந்து நாள் கழித்து மகன் ஆடிக்கொண்டிருக்கும்போது ‘படக்’ என்று ஒரு சத்தம். ஜொய்ஸ்டிக் ஓட்டையிலிருந்து முதல் பட்டன் ஓட்டைவரை, ரேகை போன வழியே ஒரு வெடிப்பு.

“அப்பா, நான் பலமா இழுக்கேல்லை,” என்றான் மகன். முகம் வாடிவிட்டது. அவனில் ஒரு பிழையும் இல்லை என்று அப்போதே சொன்னேன். பிழை எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஓடாவி மாமா இருக்கிறார். வயது 70க்கு மேல். மர வள்ளம் கட்டின கை. கொட்பே பக்கம் அவர் பழுது பார்க்காத வள்ளம் குறைவு. ஃபைபர் வள்ளங்கள் வந்த பிறகு கதவு, யன்னல், அலுமாரி என்று காலத்தை ஓட்டியவர். வெடித்த பலகையைப் பழைய சீலை ஒன்றில் சுற்றிக்கொண்டு போனேன். மேற்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. வாங்கின கையோடு கவிழ்த்து, பள்ளத்துக்குள் பெருவிரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

“தம்பி, மேலே வார்னிஷ் அடிச்சிருக்கிறீர். கீழே ஏன் அடிக்கேல்லை?”

“பெட்டிக்குள்ள மறையிற பக்கம்தானே மாமா எண்டு விட்டிட்டன்.”

“உது கடற்கரை ஊர். மாரியில காத்தே ஈரம். பூசாத பக்கம் ஈரத்தைக் குடிச்சு ஊதும், பூசின பக்கம் ஊதாது. பலகை வேற என்ன செய்யும், வளையத்தான் செய்யும்.”

வள்ளத்துப் பலகைகளின் இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிக்கும்போதும் இதுதான் கணக்கு என்று விளக்கினார். ஆள் நிற்கிற பக்கத்தை எவரும் கவனிப்பார்கள், தண்ணீர் நிற்கிற பக்கத்தைக் கவனிப்பவன்தான் ஓடாவி. பிறகு அவர் சொன்னது என்னை ஆச்சரியப்படுத்தியது. ஆயுள் முழுக்க முதிரையும் தேக்கும் வேம்பும் தொட்ட மனிதர், “பலா நல்ல மரம். ஆனா ஆறு மில்லிமீற்றருக்குச் சீவினா எந்த மரமும் ரேகையில பிளக்கும். உமக்கு இதுக்குப் பிளைவுட்தான் சரி,” என்றார். பிளைவுட்டில் ஒரு படையின் ரேகை நெடுக்காகவும் அடுத்த படையின் ரேகை குறுக்காகவும் இருக்கும். ஒன்று பிளக்கப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். முன்பே தெரிந்த விசயம்தான். இந்த வேலையோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலமை இரண்டு பேரும் அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு மரக்காலைக்குப் போனோம். மிச்சத் துண்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் மாமா ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தை விட்டுவிட்டு ஓரத்தையே பார்த்தார். ஓரத்தில் படைகளுக்கு நடுவே எறும்பு நுழையும் அளவு வெளி தெரிந்தாலும் திருப்பி வைத்தார். வெளியே ஒரு வெளி தெரிந்தால் உள்ளே பத்து இருக்கும், நாங்கள் குடைகிற இடத்தில் அதில் ஒன்று வந்தால் வேலை முடிந்தது. கடைசியில் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் துண்டு ஒன்று கிடைத்தது, 75 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம்.

பட்டன்களை எங்கே வைப்பது என்பதில் நான் அதிகம் யோசித்தேன். மகளுக்கு 11 வயது, இடக்கைக்காரி. வழக்கமான பலகையில் தடி இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். அவளுக்குத் தடி வலக்கையில் இருந்தால்தான் விரல்கள் பட்டனில் ஓடுகின்றன. 1980இல் வந்த பக்-மேன் விளையாட்டில் ஒரே ஒரு தடி, அதுவும் நடுவில். எந்தக் கைக்காரரும் ஆடலாம். எனக்கோ இரண்டு தடி, ஆறாறு பட்டன். அதனால் பலகையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அமைத்தேன்: மகனின் தடி இடது ஓரத்தில், மகளின் தடி வலது ஓரத்தில், பட்டன்கள் எல்லாம் நடுப்பக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மகனின் வலக்கையும் மகளின் இடக்கையும் நடுவில் சந்திக்கும். பெட்டி மட்டையில் இரண்டு பேரின் கையையும் வைத்துப் பென்சிலால் வரைந்து, இரண்டு பட்டன் கூட்டத்துக்கும் நடுவே 15 சென்ரிமீற்றர் விட்டேன். முழங்கைகள் இடிக்கவில்லை. பட்டனுக்குப் பட்டன் நடுவிலிருந்து நடுவுக்கு 40 மில்லிமீற்றர். மேல் வரிசை நேர்கோடாக இல்லை, வரைந்த விரல்நுனிகள் போன வழியே ஒரு வளைவு.

துளை போடும் இடங்களைக் காட்டும் அளவுத்தாளை அச்சடித்துப் பலகையில் ஒட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜேஎல்எஃப் தகட்டின் நாலு துளைகளுக்கும் இடைவெளி 84க்கு 40 மில்லிமீற்றர். நான் அச்சடித்த தாளில் 84 இருக்க வேண்டிய இடத்தை அளந்தால் 81தான் வந்தது. பிரின்டர் பக்கத்துக்குள் அடக்குவதற்காகச் சுருக்கிவிட்டது. நல்லகாலம், துளை போடுமுன் கண்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தகட்டையே பலகையில் வைத்துக் குறித்தோம். தகடு பொய் சொல்லாது.

எந்த ஹார்ட்வெயார் கடையிலும் 35 மில்லிமீற்றர் தட்டையடித் துளை பிட் கிடைக்கும், அலுமாரிப் பிணைச்சல் பதிக்க எல்லோருக்கும் அது வேண்டும். எனக்குப் பட்டனுக்கு வேண்டியது 28. நீளத் திருகும் பெரிய நட்டும் உள்ள ஹாப் வகைப் பட்டன்களையே இதற்கு எடுத்திருந்தேன். சன்வாவின் சொருகுவகைப் பட்டன் மெல்லிய தகட்டில் கொக்கி மாட்டி நிற்பது, 18 மில்லிமீற்றர் மரத்தில் அந்தக் கொக்கிக்குப் பிடிப்பே இருக்காது. மூன்று கடை ஏறி இறங்கியும் 28 இல்லை. மாமாவிடம் சொன்னேன். “28 எண்டா ஒண்டே அரைக்கால் அங்குலம்,” என்று உள்ளே போய், கறுத்த எண்ணெய்த் துணிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துவந்தார். அதைக்கொண்டே பட்டன்களுக்கும் தண்டுகளுக்கும் துளைத்தோம். மேலிருந்து துளைத்து, நடுமுனை மட்டும் கீழே எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைக் கவிழ்த்து மிச்சத்தை அங்கிருந்து துளைக்க வேண்டும். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கப் படை சிலும்பிக்கொண்டு வரும்.

பள்ளம் குடைந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகடு 95க்கு 53தான். ஆனால் அந்த அளவுக்கே குடைந்தால் போதாது, தகட்டுக்குக் கீழே தொங்கும் உடம்பும் ஐந்து வயர் மாட்டும் சொக்கட்டும் பள்ளத்துக்குள் வர வேண்டும். 105க்கு 80 என்று கோடு கிழித்தோம். மரம் குடையும் ரவுட்டர் மெஷின் எங்களிடம் இல்லை. 35 பிட்டால் பக்கத்தில் பக்கத்தில் குழிகள் போட்டோம், 10 மில்லிமீற்றர் ஆழம் மட்டும். அதற்கு மேல் போனால் பிட்டின் நடுமுனை மேற்பக்கத்தைக் கிழிக்கக்கூடும். மிச்ச 2 மில்லிமீற்றர் உளிக்கு.

உளி பிடிக்க மாமா எனக்குக் காட்டித் தந்தார். தட்டுவதற்கு முன் சாணைக் கல்லில் இருபது தடவை. கூர் போன உளிதான் கையை வெட்டும் என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார். ஆழம் பார்க்க அவர் செய்த கருவி ஒரு கீற்றுக் கட்டை, அதில் ஒரு ஆணி, கட்டையைத் தாண்டி ஆணி நீட்டிக்கொண்டிருப்பது சரியாக 12 மில்லிமீற்றர். கட்டையைப் பள்ளத்தின் மேலாக இழுத்துக்கொண்டு போனால், மரம் உயர்ந்த இடத்தில் ஆணி தட்டும். தட்டிய இடத்தில் ஒரு சீவல், திரும்ப இழுவை.

பிளைவுட் குடைந்தவர்களுக்குத் தெரியும், அது தன் மட்டத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். ஒரு படை வெளிர், அடுத்தது சிவப்பு, நடுவே பசையின் கறுப்புக் கோடு. தரை சாய்வாக இருந்தால், வரைபடத்தில் மலைக்கு வளையம் வளையமாகக் கோடு போட்டிருப்பார்களே, அப்படி நிறங்கள் தெரியும். முழுத் தரையும் ஒரே நிறமாக வரும்வரை சீவ வேண்டும். முதல் பள்ளத்துக்கு எனக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது. இரண்டாவதை மாமா முற்றத்து வேப்ப மரத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி ஆறுமுன் முடித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவினால் எது யாருடையது என்று என் விரலுக்குத் தெரியும். ஜொய்ஸ்டிக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை, அது எனக்குப் போதும்.

ஆறு மில்லிமீற்றர் பிளைவுட்டில் மர ஸ்குரூ பிடிக்காது. அதனால் மேலிருந்து நாலு தட்டைத் தலை போல்ட், 4 மில்லிமீற்றர் தடிப்பு, தலை பலகையோடு மட்டமாகும்படி குடைந்து இறக்கி, கீழே ஸ்பிரிங் வொஷரும் நட்டும். எல்லாம் ஸ்டெயின்லெஸ். டச்சுக் குடாப் பக்கத்து வீடுகளில் நான் கழற்றும் மின்விசிறிகளின் இரும்பு ஸ்குரூக்கள் என்ன கதியில் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் இதில் காசு பார்க்கவில்லை.

வார்னிஷ் இந்த முறை மூன்று தடவை, இரண்டு பக்கமும். பள்ளத்தின் தரை, சுவர், ஒவ்வொரு பட்டன் ஓட்டையின் உள்விளிம்பு எல்லாவற்றிலும். ஓட்டையின் உள்விளிம்பில் அத்தனை படைகளின் வெட்டு முனைகளும் தெரியும், ஈரம் ஏறுவது முதலில் அங்கேதான்.

வயர் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு விசயம் மட்டும். ஜொய்ஸ்டிக்கில் தடியை இடப்பக்கம் சாய்த்தால் அமுங்குவது வலப்பக்கச் சுவிச், மூட்டுக்கு மேலே இடது என்றால் கீழே வலது. தெரியாமல் வயர் பூட்டினால் திரையில் எல்லாம் எதிர்த்திசையில் ஓடும். மற்றது, ஹாப் வகைப் பட்டனின் சுவிச்சில் மூன்று கால் இருக்கும். பொதுக் காலும், சாதாரணமாகத் திறந்திருக்கும் காலும்தான் வேண்டும். மூன்றாவதில் பூட்டினால் தொடாதபோது அமுக்கியதாகவும், அமுக்கும்போது விட்டதாகவும் காட்டும். எல்லாப் பட்டன்களின் பொதுக் காலையும் ஒரே வயரால் சங்கிலிபோலத் தொடுத்தேன், மோட்டரில் மூன்று சுற்றின் முனைகளையும் ஒரு இடத்தில் சேர்க்கிற மாதிரி. அது ஒரு சின்ன யூஎஸ்பி போர்டுக்குப் போகிறது, அங்கிருந்து ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிக்கு. உள்ளே ஓடுவது மேம், பழைய பெட்டி விளையாட்டுகளைக் கணினியில் ஆட விடும் மென்பொருள், 1997இல் நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கியது.

பலகையைப் பெட்டியில் ஆணியடித்து மூடாமல், பின்பக்கம் இரண்டு பிணைச்சல் போட்டுத் திறக்கும்படி வைத்தேன். இதற்கும் காரணம் உண்டு. ஜேஎல்எஃப்பின் அடியில் ஒரு சதுரக் கதவு, அதாவது தண்டு எவ்வளவு, எந்தப் பக்கம் போகலாம் என்று மறிக்கும் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது. அதைக் கழற்றி 45 பாகை திருப்பிப் பூட்டினால் மூலைத் திசைகள் மூடப்பட்டு நாலு திசை மட்டும் மிஞ்சும். பக்-மேனுக்கு அது அவசியம். எட்டுத் திசைத் தடியோடு ஆடினால் திருப்பத்தில் கை தடுமாறும். மகளுக்கு மற்ற எல்லா விளையாட்டையும்விட பக்-மேனில்தான் விருப்பம். அவளுடைய தடி திருப்பின சட்டத்தோடு இருக்கிறது.

தை மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் மாமாவைக் கூப்பிட்டேன். மழை விட்டிருந்தது. பிள்ளைகள் ஆட, அவர் கதிரையில் இருந்து பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிசம் இருக்காது, மகள் நிறுத்திவிட்டாள்.

“அப்பா, மேலே போறது சில நேரம் ஒட்டுது.”

நான் ஆட்டிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகனும் ஆட்டிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றான். அவள் விடவில்லை. “மூண்டு தரம் சரி, நாலாந் தரம் பிந்தித்தான் சத்தம் கேக்குது.” மாமா எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, “திருப்பி ஆட்டுங்கோ பிள்ளை,” என்று காதைப் பலகையோடு வைத்தார். நாலாவது தடவை தலையை ஆட்டினார்.

பலகையைத் தூக்கிப் பிணைச்சலில் சாய்த்து, டோர்ச் அடித்தேன். மேலே சாய்த்தால் அமுங்குவது கீழ்ப்பக்கச் சுவிச் அல்லவா, அதைப் பார்த்தேன். அதன் நாக்குக்கும் உடம்புக்கும் இடையில் நகத்துண்டு அளவில் ஒரு சீவல். வெளிர் நிறம், ஒரு பக்கம் பசையின் கறுப்பு. என்னுடைய பள்ளத்திலிருந்து வந்ததுதான், மாமாவின் பள்ளத்தில் சீவல் மிஞ்சாது. மகளின் தடிக்கு நான் குடைந்த பள்ளத்தைத்தான் கொடுத்திருந்தேன். சாமணத்தால் அதை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்விளிம்பில் வார்னிஷ் படாத இடம் எங்கேயும் மிஞ்சியிருக்கிறதா என்று டோர்ச்சை வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டார்.